உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது வைரஸுக்குத்தான். வைரஸால் சிஸ்டம் கெட்டால் விண்டோஸை மீண்டும் பதிந்து கொள்ளலாம். ஆனால் உங்கள் பான் எண் தவறான கைக்குப் போய்விட்டால்?

2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணைக் கொண்டு யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கியதாகவும், அதனால் தன் சிபில் ஸ்கோர் பாதிக்கப்பட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். தானி என்ற கடன் ஆப் மூலம் தங்கள் பெயரிலும் கடன் பதிவாகியிருப்பதாக அப்போது பலர் புகார் கூறினார்கள். தொகை சிறியதுதான். ஆனால் கட்டாத கடன் என்று பதிவாகிவிட்டால், நாளை மகளின் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது கதவு மூடியிருக்கும்.

நாம் வாங்கும் கடன், கட்டும் தவணை எல்லாவற்றையும் வங்கிகள் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிக்கின்றன. இவை தரும் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2017 முதல் இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு நிறுவனம் என்று பார்த்தால், செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

எப்படிப் பார்ப்பது?

1. இமெயிலில் வந்த லிங்க்கைக் கிளிக் செய்ய வேண்டாம். பிரவுசரில் நிறுவனத்தின் தள முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள்.

2. கட்டணத் திட்டங்களை முன்னே காட்டுவார்கள். இலவச அறிக்கைக்கான இடத்தைத் தேடிக் கிளிக் செய்திடுங்கள்.

3. அறிக்கையில் அக்கவுண்ட்ஸ், என்கொயரீஸ் என்ற இரு பகுதிகளைக் கவனியுங்கள். முதலாவதில் உங்கள் கடன்கள் இருக்கும். இரண்டாவதில், உங்களைப் பற்றி விசாரித்த நிறுவனங்கள் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால் உடனே உஷாராகுங்கள்.

4. தவறு இருந்தால் அந்தத் தளத்திலேயே டிஸ்ப்யூட் பதிவு செய்திடுங்கள். கடன் தந்த நிறுவனத்திற்கும் எழுதுங்கள். 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மோசடி என்று தெரிந்தால் 1930 எண்ணில் புகார் கொடுங்கள்.

இந்த வேலையை பிரவுசிங் சென்டரில் செய்யாதீர்கள். டவுண்லோட் ஆன பைல் அங்கேயே தங்கிவிடும். எங்கள் இலஞ்சி, தென்காசிப் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் பைலை அனுப்பி பிரிண்ட் எடுப்பது வழக்கம். பிரிண்ட் எடுத்ததும் உங்கள் கண் முன்னாலேயே டெலீட் செய்யச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

குற்றாலம் சீசனுக்கு வருபவர்கள் லாட்ஜில் முழு ஆதார் நகல் தர வேண்டியதில்லை. ஆதார் தளத்தில் மாஸ்க்டு ஆதார் டவுண்லோட் செய்தால் கடைசி 4 எண்கள் மட்டுமே தெரியும். எந்த நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே தேதியையும் காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். அந்த நகலை வேறு காரியத்திற்குப் பயன்படுத்துவது கடினமாகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி முதல் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள்.