'கொஞ்சம்' சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: பயனுள்ள குறிப்புகள்

1. 'எ லிட்டில் மில்க்' இருந்தால் கொஞ்சம் பால் இருக்கிறது, காபி போடலாம். 'லிட்டில் மில்க்' என்றால் இல்லாத குறைதான். பால் வாங்கக் கிளம்ப வேண்டும். டாக்டரிடம் பேசும்போதும் கவனம் தேவை. 'எ லிட்டில் பெட்டர்' என்றால் உடம்பு சற்றுத் தேவலை. அந்த 'எ'யை விழுங்கிவிட்டால் தேறவே இல்லை என்று பொருள் போய்விடும்.

2. முட்டை, வெங்காயம், விருந்தாளி என எண்ணக்கூடியவற்றுக்கு 'எ ஃபியூ'. பால், அரிசி, நேரம் போன்றவற்றுக்கு 'எ லிட்டில்'. பணத்தை எண்ணத்தானே செய்கிறோம் என்பீர்கள். எண்ணுவது ரூபாயை, அதனால் 'எ ஃபியூ ருபீஸ்'. 'மனி' என்றால் 'எ லிட்டில்'தான்.

3. 'க்வைட் எ ஃபியூ கெஸ்ட்ஸ்' வருகிறார்கள் என்று மகன் சொன்னால் அரிசியைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் வருகிறார்கள் என்று அர்த்தம்!

4. அதிகம் பேர் சறுக்குவது 'ஹார்ட்லி'யில். 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடும் உழைப்பாளி. 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் துரும்பைக்கூட அசைக்காதவர். பாராட்டுக் கடிதத்தில் இது இடம் மாறினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, இதற்குள்ளேயே 'இல்லை' ஒளிந்திருக்கிறது. அதனால் 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர்' போதும், 'காண்ட்' வேண்டாம். 'பேர்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டுக்கும் இதே விதி.

5. உப்புக்கு 'எ லிட்டில் சால்ட்' அல்லது 'எ பிட் ஆஃப் சால்ட்'. 'எ லிட்டில் ஆஃப் சால்ட்' கிடையாது.

6. பேச்சுக்கு 'எ பிட்' நன்றாக இருக்கும். அலுவலகக் கடிதத்தில் 'ஸ்லைட்லி' எழுதுங்கள்.

7. டீ 'ரேதர் ஸ்வீட்' என்றால் பெரும்பாலும் குறை சொல்கிறார்கள், இனிப்பு தூக்கல். பாராட்டு என்று நினைத்து அடுத்த தடவை இன்னொரு ஸ்பூன் சேர்க்க வேண்டாம்.

8. 'க்வைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்று. பிரிட்டிஷ்காரர் சொன்னால் அநேகமாகப் 'பரவாயில்லை' ரகம்.

9. குறையைப் பதமாகச் சொல்ல 'யூ ஆர் லேட்' என்பதைவிட 'யூ ஆர் எ பிட் லேட்' நல்லது. ஆனால், பிரிட்டிஷ் மேலாளர் 'எ பிட் டிஸப்பாயின்டட்' என்று எழுதினால் அவருக்கு நல்ல கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'கொஞ்சம்தானே' என்று சும்மா இருந்துவிடாமல் அன்றைக்கே பதில் போடுங்கள்.