தட்டிப் பார்க்கும் அறிவியல்

நுழையும்முன்

கண்ணுக்கு மறைந்த குறையைச் செவி காட்டிக்கொடுப்பதுண்டு. அந்தப் பட்டறிவு அறிவியலாகி மனித உயிர்களைக் காக்கும் வகையை இப்பாடம் விளக்குகிறது.

ஏம்பலம் போன்ற சிற்றூர்களில் மண்பானை வாங்குவோர் அதனை விரலால் சுண்டிப் பார்ப்பர். கணீரென ஒலித்தால் பானை நன்று. ஒலி மங்கினால் எங்கோ விரிசல் உண்டு. தொழிற்கூடங்களில் நிகழும் மீயொலிச் சோதனையும் ஒலியைக் கொண்டே உள்ளிருக்கும் குறையை அறிகிறது.

போர்வைக்குள் பகை

அனல்மின் நிலையங்களிலும் வேதி ஆலைகளிலும் வெப்பம் வீணாகாதிருக்க எஃகுக் குழாய்களுக்குக் கல்கம்பளி உறை போர்த்தி, மேலே தகடு சுற்றுவர். தகட்டின் இணைப்பு நெகிழ்ந்தால் மழைநீர் உட்புகும். நனைந்த உறை அவ்வீரத்தைத் தேக்கிவைக்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் அரிப்பு விரையும். மிகு வெப்பக் குழாயில் ஈரம் ஆவியாகிவிடும். ஆதலால் ஏறத்தாழ 175 பாகை செல்சியசுக்குக் கீழ் இயங்குவனவும், சூடேறியும் ஆறியும் மாறிமாறி இயங்குவனவுமே பெரிதும் அரிபடுகின்றன. வெளித்தகடு பளபளக்க, உள்ளே குழாயின் சுவர் மெலிந்துகொண்டிருக்கும்.

எதிரொலி தரும் அளவு

சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை 1880இல் பிரெஞ்சு நாட்டு உடன்பிறந்தோரான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டறிந்தனர். மறுதலையாக, மின்னழுத்தம் தந்தால் படிகம் அதிரும். அவ்வதிர்வு நம் செவிக்கெட்டும் 20,000 ஹெர்ட்சு எல்லையைக் கடக்கும்போது மீயொலியாகிறது. எஃகில் அது நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் விரையும். எதிரொலி 2 மைக்ரோநொடியில் திரும்பினால் போய்வந்த தொலைவு 11.8 மி.மீ.; சுவரின் தடிமன் அதில் பாதி, 5.9 மி.மீ. தொடக்கத்தில் அச்சுவர் 8 மி.மீ. இருந்ததெனில், 2.1 மி.மீ. அரிபட்டுள்ளது.

காற்றிடைவெளியை இம்மீயொலி கடக்காது. எனவே கருவிக்கும் குழாய்க்கும் இடையே கூழ் தடவுவர். கம்பளி உறையையும் அது ஊடுருவாது. உறையில் சிறு திறப்பு அமைத்தே அளக்க வேண்டும். மற்றொரு முறையில், ஓரிடத்தில் மட்டும் உறையை நீக்கி, உணரிகள் பதித்த வளையத்தைக் குழாயில் பூட்டுவர். அங்கிருந்து குழாய்வழியே செல்லும் அலைகள் பல மீட்டர் தொலைவிலுள்ள அரிப்பையும் காட்டும். துல்லியமான தடிமனை அங்குச் சென்றே அளக்க வேண்டும்.

அளவீடும் அறமும்

2014 ஜூன் 27 விடியற்காலை, ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நகரம் என்னும் சிற்றூரில் மண்ணுக்குள் புதைந்திருந்த எரிவாயுக் குழாய் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஈரம் கலந்த வாயுவால் அக்குழாய் அரிபட்டிருந்தது. நம் ஏனாமும் அதே கழிமுகத்தில்தான் உள்ளது. புதைந்த குழாயாயினும் போர்த்திய குழாயாயினும் அரிப்பு அறிவித்துவிட்டு வருவதில்லை. கருவி காட்டும் எண்ணை மறையாமல் எழுதுவதும், எழுதியதை நம்பி உரிய காலத்தில் குழாயை மாற்றுவதும் மனிதர் கடமை.

கற்பவை கற்றபின்

1. எஃகுக் குழாயில் எதிரொலி 3 மைக்ரோநொடியில் திரும்பினால் சுவரின் தடிமனைக் கணக்கிடுக.
2. ஒலியால் குறையறியும் வழக்கங்கள் உம் ஊரில் எவையெவை? பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.