பீரோவைத் திறந்து பாருங்கள்



கிறிஸ்மஸுக்கு ஒன்று, புது வருஷத்துக்கு ஒன்று, கல்யாணங்களில் வந்தது வேறு. நம் வீட்டு பீரோக்கள் நிரம்பி வழிகின்றன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், "உடுத்த ஒண்ணுமே இல்லையே" என்கிறோம்!

பூட்டி வைத்ததெல்லாம் பத்திரமாயிருக்கிறது என்று எண்ணாதிருங்கள். துணியை அரிப்பது பறக்கிற அந்துப்பூச்சி அல்ல, அதின் புழுதான். இருட்டில், யாரும் கை வைக்காத மூலையில், வியர்வை படிந்த பட்டிலும் கம்பளியிலும் அது வளருகிறது. தொடாமல் வைத்ததே முதலில் அழிகிறது. யாக்கோபு 5:2-ஐ வாசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நான் செய்கிற முறை இது:

1. ஒரு நாளைக்கு ஒரு தட்டு மாத்திரம். அதிலுள்ள அத்தனையையும் பாயில் எடுத்துப் போடுவேன்.

2. மூன்று குவியல்: உடுத்துவது, கொடுப்பது, வீடு துடைக்க ஆவது. ஒரு வருஷம் முழுக்க உடுத்தாதது கொடுக்கிற குவியலுக்கே போகும்.

3. பருத்தித் துணியை வெயிலிலும், பட்டுச் சேலையை நிழலிலும் உலர்த்துவேன். சேலையை மடிப்பு மாற்றி வைத்தால் ஜரிகை ஒரே இடத்தில் ஒடியாது.

கொடுப்பதைக் குறித்து ஒரு வார்த்தை. கிழிந்ததைத் தள்ளிவிட்டு, "தர்மம் பண்ணிட்டேன்" என்று சொல்லாதிருங்கள். துவைத்து, அறுந்த பித்தானைத் தைத்து, தேய்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர் முகம் வாடக்கூடாது. அது நல்லதாயிருக்கும்போதே கொடுங்கள். பூச்சி அரித்தபின் யாருக்கு உதவும்?

யோவான்ஸ்நானன் இரண்டு அங்கி உள்ளவனோடே பேசினான் (லூக்கா 3:11). நம் பீரோவில் இருப்பது இரண்டுதானா?

இந்த வாரம் ஒரே ஒரு தட்டு. ஆரம்பிப்பீர்களா?