மனச்சோர்வுக்கு மருந்து ஆராய்ச்சி: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்!

“நம்ம ஆளை வச்சு டெஸ்ட் பண்றாங்களாமே... அவர் என்ன சோதனை எலியா?”

டிப்ரஷன் எனும் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், “ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேருகிறீர்களா?” என்று கேட்டதும் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு வீட்டில் எழக்கூடிய முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பயத்தில் உடனே “வேணாம்” என்பதும், “பெரிய டாக்டர் சொல்றாரு” என்று படிக்காமல் கையெழுத்துப் போடுவதும்தான் சரியில்லை.

மருத்துவ ஆராய்ச்சி நம் ஊருக்குப் புதிதில்லை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். ‘அதே மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் ஆகாதா?’ என்று மெட்ராஸின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் ஆபத்து கூடவும் இல்லை. உலகமே டி.பி. வைத்தியத்தை மாற்றிக்கொண்டது, நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த அந்தச் சென்னைவாசிகளால்தான்!

மனச்சோர்வு ஆராய்ச்சியிலும் இதே குலுக்கல்தான். ஒரு குழுவுக்குப் புது சிகிச்சை, மற்றதற்கு வழக்கமான சிகிச்சை. சில ஆராய்ச்சிகளில் மருந்தே இல்லாத டம்மி மாத்திரையும் உண்டு. எந்தக் குழு என்பதை நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது. ‘எனக்கு ஸ்பெஷல் மருந்து கிடைக்கும்’ என்று நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

எல்லா ஆராய்ச்சியும் புது மாத்திரையைப் பற்றியதும் அல்ல. சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்த 404 பேரை வைத்து இந்தியாவில் நான்கு மையங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் ஒரு மையம் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். 2015-ல் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். நோயாளியை விடாமல் விசாரித்து, சர்க்கரையையும் மனநிலையையும் கண்காணித்து, டாக்டருக்குத் தகவல் சொல்ல ஒருவரை நியமித்தார்கள். இப்படிக் கவனிக்கப்பட்டவர்களுக்கு முன்னேற்றம் அதிகம் என்று 2020-ல் தெரிந்தது. கோவாவில் நடந்த இன்னோர் ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளிகளுடன் உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் அந்தக் குழுவில் 100-க்கு 64 பேருக்கு மனச்சோர்வு வெகுவாகக் குறைந்தது. மற்ற குழுவில் 39 பேருக்கு. இது 2017-ல் வெளியானது.

சரி, எங்கே தேடுவது? இன்டர்நெட்டில் ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தேடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிகளுக்கான இந்தப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. காசு கிடையாது, யாரும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ‘டிப்ரஷன்’ என்று போட்டுத் தேடினால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வயதுக்காரர்கள் சேரலாம், யார் சேரக்கூடாது, யாருக்குப் போன் செய்வது எல்லாம் வரும். ‘ஓப்பன் டு ரிக்ரூட்மென்ட்’ என்று இருந்தால்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். பதிவாகியிருப்பதாலேயே அந்த மருந்து நல்லது என்று சர்க்கார் சான்று கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள்.

அதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் தூரமில்லை. (சினிமாக்காரர்கள் அந்தப் பேரைக் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பயந்து நோயை வளர்க்காதீர்கள்.) துறைமுகத்திலோ எண்ணூர் தொழிற்சாலைகளிலோ நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டது ஷிஃப்ட்டாலா, மனசாலா என்பதை டாக்டர் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இனி அந்தக் கையெழுத்து. “என் வீட்டுக்காரர் போட்டுட்டார்” என்பது செல்லாது. நோயாளி மனைவி என்றால், புரிந்துகொண்டு அவரேதான் போட வேண்டும். மனநோய் உள்ளவரை அவர் சம்மதமின்றி ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்கிறது 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம். கணவரோ மாமியாரோ கூட இருந்து கேள்வி கேட்கலாம், முடிவு அவருடையது. படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். “இப்பவே போட்டாத்தான் இடம்” என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது, “இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா?” என்பது. சில ஆராய்ச்சிகளில் பழைய மருந்தை நிறுத்தி, சில நாள் இடைவெளி விட்டுத்தான் புதியதைத் தொடங்குவார்கள். அந்த நாட்களில் சோர்வு திரும்பலாம். யார் கவனிப்பார்கள், ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆராய்ச்சியில் சேரத் தகுதி வரட்டும் என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்!

புது மருந்து ஆராய்ச்சியால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் தர வேண்டும் என்று 2019-ம் வருட விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. சேருவதற்கு உங்களிடம் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். எண்ணூரிலிருந்து மின்சார ரயில் ஏறி வாரா வாரம் வருவதென்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். பயணச் செலவையும் போன கூலியையும் ஈடு செய்யலாம் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறையே சொல்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

“செத்துடலாம்னு தோணுது” என்று ஒருவர் சொன்னால் ஆராய்ச்சிப் பேச்சையே தள்ளிவையுங்கள். அவருக்குக் காத்திருக்க நேரமில்லை. பல ஆராய்ச்சிகளில் அப்படிப்பட்டவரைச் சேர்க்கவும் மாட்டார்கள். தனியே விடாமல் அன்றைக்கே பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நள்ளிரவு என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அந்த அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.