பேசாத பிள்ளையும் உளுந்து டப்பாவும்

ஆனி, ஆடி மாதங்களில் கயத்தாறு வட்டாரத்தில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது புரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சன்னல் கதவுகளை அறைந்துகொண்டே இருக்கும். கதவைச் சாத்தினால் வகுப்பு இருட்டு, திறந்தால் கரிசல் தூசி. போதாததற்கு நான்குவழிச் சாலையில் லாரிச் சத்தம். ஊரைச் சுற்றிலும் நிற்கும் காத்தாடிகளுக்கு அது அறுவடைக் காலம், எங்களுக்குத் தொண்டை கட்டும் காலம்.

‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கிய 2022ஆம் ஆண்டில் 1, 2, 3 வகுப்புகளைச் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். கேட்டால் பதில் வராது, சிரிப்பு மட்டும் வரும். எப்போதாவது பேசினால் சொல்லின் தலை இருக்காது. தண்ணி என்பது ‘அண்ணி’ ஆகும், கட்டை என்பது ‘அட்டை’ ஆகும். “டீச்சர், இவன் அண்ணியக் கூப்பிடுதான்” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அரும்பு நிலையிலேயே இருந்தான். மெல்லக் கற்பவர் பட்டியலில் அவன் பெயரை என் கையால்தான் எழுதினேன். அவன் அம்மாவிடம் கேட்டபோது, “அவன் ரொம்பப் பேச மாட்டான் டீச்சர், அவுக அப்பாவும் அப்படித்தான்” என்றார். நானும் அதை நம்பிவிட்டேன். ஓராண்டு போனது.

மறு ஆண்டு, கேட்டல் திறனுக்காக ஒரு விளையாட்டு நடத்தினேன். ஒரே மாதிரியான சிறு பிளாஸ்டிக் டப்பாக்களில் உளுந்து, கம்பு, நிலக்கடலை, பருத்திக்கொட்டை என்று இவ்விரண்டு டப்பாக்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் ஒன்றைக் குலுக்குவேன், அதன் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். கடலையை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள், கம்புக்குத்தான் காதைத் தீட்ட வேண்டும். அவன் முறை வந்தது. கடலைக்குத் திரும்பினான். கம்பைக் குலுக்கினேன், அசையவில்லை. பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கினேன், திரும்பினான். வகுப்பில் எல்லோரும் செய்வதைப் பார்த்து ஒரு நொடி தாமதமாக அவனும் செய்து வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைக் கட்டியதும் அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஆச்சியை வரச்சொல்லிக் கேட்டேன். “சின்னதுலேர்ந்து காதுல சீ வடியும் தாயி. நல்லெண்ணெயக் காய்ச்சி ஊத்துவோம், நின்னுபோகும். பொறவு வரும்” என்றார். வடிகிற காதில் எண்ணெய் ஊற்றக் கூடாது. இதை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் சொன்னேன். அவர் வழிகாட்டியபடி திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அம்மாவும் பையனும் போனார்கள். இரண்டு காதிலும் செவிப்பறையில் ஓட்டை, மிதமான கேட்புக் குறை. சொட்டு மருந்து கொடுத்தார்கள், காதில் தண்ணீர் படாமல் பார்க்கச் சொன்னார்கள். கிணற்றுக் குளியல் நின்றது, அவனுக்கு அதில்தான் பெரிய வருத்தம்.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மொத்தம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ‘கேட்பதில் சிரமம் உள்ளவர்’ என்றால் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை கேட்புத்திறன் இழந்தவர். இந்தப் பையன் அந்தக் கோட்டுக்குள் வரமாட்டான். எனவே அடையாள அட்டையும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. ஆனால் நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல்தான். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். கரும்பலகை அருகே நின்று நான் பேசுவது கடைசி வரிசைக்குப் போவதற்குள் எவ்வளவு மிஞ்சும்? அதன் மேல் காற்று, மின்விசிறி, லாரி. உயிரொலிகள் உரக்க ஒலிப்பதால் அவை மட்டும் போய்ச் சேரும். மெல்லிய மெய்யொலிகள் வழியில் உதிர்ந்துவிடும். தண்ணி ‘அண்ணி’ ஆன கதை இதுதான். அவன் கேட்டதைத்தான் பேசினான்.

அதன் பிறகுதான் பேச்சுப் பயிற்சி என்பதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். பேச்சு மற்றும் கேட்பியல் வல்லுநர்கள் செய்வதை நாம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஒருமுறை, அரைமணி நேரம் பார்க்கும் பிள்ளை நம்மிடம் நாள் முழுக்க இருக்கிறது. அவர்கள் தொடங்கிவைப்பதை நாம் தொடரலாம்.

நான் அவனுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எழுத்தோ சொல்லோ அல்ல, “கேக்கல, திருப்பிச் சொல்லுங்க” என்ற வாக்கியம். அதையும் விளையாட்டாகத்தான் செய்தேன். வேண்டுமென்றே முணுமுணுப்பேன். “பீரோ மேல உள்ள ம்ம்ம்ம் எடுத்துட்டு வா.” யார் முதலில் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் வகுப்பில் அதற்கு முன்பிருந்தே மதிப்பு அதிகம். இரண்டு வாரத்தில் வகுப்பே “கேக்கல டீச்சர்” என்று கத்தியது. அவன் மட்டும் கேட்டால் அது குறை, எல்லோரும் கேட்டால் அது பழக்கம்.

இரண்டாவது, ஒலிகளைப் பார்ப்பது. பட்டப்படிப்பில் தொல்காப்பியப் பிறப்பியலை மதிப்பெண்ணுக்காகப் படித்தவள் நான். ப, ம இரண்டும் இதழ்கள் பொருந்தப் பிறக்கும். வகரம் பல்லும் இதழும் கூடப் பிறக்கும். நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்தும்போது அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள. நுனிநா உயர்ந்து அண்ணத்தை வருடினால் ர, ழ. பேச்சுப் பயிற்சிக்கான வரைபடமே அங்கே இருக்கிறது! ஒரு முகக் கண்ணாடி போதும். பிள்ளையும் நானும் ஒரே கண்ணாடியில் பார்ப்போம். ‘ப’ சொல்லும்போது உதட்டுக்கு முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது அசையும். ‘ம’ சொன்னால் அசையாது, ஆனால் மூக்கின் பக்கத்தில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். காதுக்குத் தப்பியதைக் கண்ணும் விரலும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பஞ்சு ஊதுதல், பலூன் ஊதுதல், நாக்கை நீட்டி மடக்குதல் என்று நானும் சில வாரங்கள் செய்தேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஊதப் பழகினால் ஊத வரும், பேச்சு வராது. சொல்லைச் சொல்லிப் பழகினால்தான் சொல் வரும் என்று அந்தத் துறையினர் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுவே.

மூன்றாவது, ஓர் ஒலியில் மட்டும் மாறும் சொற்களைப் படமாக வைத்து ஆடும் ஆட்டம். பல் – கல், தட்டு – பட்டு, பல்லி – பள்ளி, வலை – வளை. ஒரு பிள்ளை சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் காதில் விழுந்த படத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். ‘தட்டு’ கேட்டு ‘பட்டு’ வந்தால், தான் சொன்னது எங்கே மாறியது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். நாம் “தப்பு” என்று சொல்ல வேண்டியதில்லை. இடையிடையே நான் தவறாகச் சொல்வேன், அவர்கள் திருத்துவார்கள். டீச்சரைத் திருத்துவதில் உள்ள சுகம் எந்தப் பரிசிலும் இல்லை.

நான்காவது கடை விளையாட்டு. இதில்தான் வாக்கியம் வளரும். “என்ன வேணும்?” என்று கேட்டால் பேசாத பிள்ளை கையைத்தான் நீட்டும். “கடலை மிட்டாய் வேணுமா, காரச்சேவு வேணுமா?” என்றால் இரண்டில் ஒரு சொல்லாவது வரும். “சேவு” என்று அவன் சொன்னால், “சேவா? காரச்சேவு கால் கிலோ வேணுமா?” என்று ஒரு படி நீட்டிச் சொல்ல வேண்டும். அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சன்னலுக்கு வெளியே பார்த்து “காத்தாடி” என்றான் ஒருநாள். “ஆமா, பெரிய காத்தாடி வேகமாச் சுத்துது” என்றேன். மறுவாரம் “பெரிய காத்தாடி நின்னுட்டு” என்று தானே சொன்னான். கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுவதும் இந்த விளையாட்டின் பகுதிதான். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஆசிரியர்களால் மூன்றுக்கு மேல் எண்ண முடிவதில்லை.

இதோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேசாத, மாற்றிப் பேசுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் குறை இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் ‘வாழைப்பழம்’ பெரியவர் வாயிலேயே ‘வாளப்பளம்’தான். அது வட்டார வழக்கு, நோயல்ல. அதைத் திருத்துவது தமிழ்ப் பாடத்தின் வேலை, அதுவும் வீட்டுப் பேச்சைக் கேலி செய்யாமல். அதுபோல, கரிசல் ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. முதல் வகுப்புக்கு வரும் அந்தப் பிள்ளை சில மாதங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த மௌனத்துக்குள் ஒரு மொழி ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனுக்கும் தாய்மொழி தெலுங்குதான். கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவரும் அவரே. தன் வீட்டு மொழியில் அந்தப் பிள்ளை சரளமாகப் பேசுகிறதா என்று வீட்டாரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாமலும், நான்கு வயதில் வெளியாளுக்குப் பேச்சு விளங்காமலும் இருந்தது என்று அவர்கள் சொன்னால் காத்திருக்கக் கூடாது. ரகரமும் ழகரமும் மட்டும் பிந்தி வரலாம், அதற்குப் பதற வேண்டாம். காது, பேச்சு இரண்டையும் பற்றிய சந்தேகத்தை, தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். அவர்களுக்கு ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நாம் மாதக்கணக்கில் பார்த்தது அந்தத் தாளில் இருக்கட்டும்.

திக்கிப் பேசும் பிள்ளைகள் விஷயம் வேறு. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவனுக்கு நாளின் மிகக் கடினமான நேரம் வருகைப்பதிவு நேரம். ‘உள்ளேன்’ என்ற ஒரு சொல்லுக்காகக் காலையில் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடுவான். “மெதுவாப் பேசு”, “மூச்சு விட்டுட்டுப் பேசு” என்று நாங்கள் எல்லோரும் அன்போடு சொல்லிச் சொல்லி அவனை இன்னும் இறுக்கியிருந்தோம். வருகைப்பதிவின்போது கை தூக்கினாலும் போதும் என்று வகுப்பு முழுவதற்கும் மாற்றினோம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபர் 16 எங்கள் வட்டாரத்தில் மறக்காத நாள். அதையொட்டி ஒரு சிறு நாடகம் போட்டோம். ஊர் மக்களாக எட்டுப் பேர் சேர்ந்து பேசும் வசனத்தில் அவனைச் சேர்த்தேன். பலரோடு சேர்ந்து சொல்லும்போது திக்கல் பெரும்பாலும் வராது. அன்றும் வரவில்லை. பிறகு வாசிப்பு நேரத்தில் ஒரு தோழனோடு சேர்ந்து வாசிக்கவைத்தோம். தோழன் மெல்லக் குரலைக் குறைத்துக்கொள்வான். திக்கல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், இன்றும் திக்குகிறான். ஆனால் திக்கியபடியே கை தூக்கிச் சந்தேகம் கேட்கிறான். நாப்பிறழ் சொற்றொடர்களை மட்டும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை. சரளமாகப் பேசுபவர்களுக்கு அது விளையாட்டு, இவர்களுக்குத் தண்டனை.

முதலில் சொன்ன பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. மழைக்காலத்தில் காது இன்னும் வடிகிறது. செவிப்பறையைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையைப் பிறகு முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சன்னலுக்கு எதிர்ப்பக்கம், முதல் வரிசையில் அவன் இடம். மலர் நிலைக்கு மெல்லத்தான் வந்தான். போன மாதம் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வாசலில் நின்றபடியே அவனைக் காட்டி ஏதோ கேட்டார். காற்றில் எனக்கே சரியாக விழவில்லை. அவன் எழுந்து நின்று, “சார், கேக்கல. இங்கிட்டு வந்து சொல்லுங்க” என்றான். எனக்குக் கை உதறியது. அவர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவன் முன்னால் குனிந்து மறுபடியும் கேட்டார்.