தானே கோடு இழுக்கும் மணல் மேசை: வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மேலே கண்ணாடி, அதற்குக் கீழே அரை சென்டிமீட்டர் மணல், மணலில் ஓர் இரும்புக் குண்டு. பலகைக்கு அடியில் நகரும் காந்தம் குண்டை இழுக்கிறது. அந்தக் காந்தத்தை இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் நகர்த்துகின்றன. மணல் மேசை என்பது இவ்வளவுதான். மருத்துவராக இருந்து இயந்திரக் கலைக்கு வந்த அமெரிக்கர் புரூஸ் ஷப்பிரோ, ‘சிசிஃபஸ்’ என்ற பெயரில் இத்தகைய கருவிகளை அருங்காட்சியகங்களுக்குச் செய்துவந்தார். 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் அதை வீட்டு மேசையாகக் கொண்டுவந்தார். அதன் பிறகு பலரும் தங்கள் பட்டறைகளில் இதைச் செய்து பார்க்கத் தொடங்கினார்கள்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பேனாவைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம். குண்டைத் தூக்க முடியாது. அது போன வழியெல்லாம் தடம் விழும். மோட்டார் ஒருமுறை உதறினால் அந்த உதறலும் மணலில் தெரியும். அதனால், மின்னணுப் பகுதிதான் கடினம் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: சட்டம் நேராக இருக்கட்டும், பலகை தொய்யாமல் இருக்கட்டும், மணல் சுத்தமாக இருக்கட்டும். உங்கள் உழைப்பில் முக்கால் பங்கை இந்த மூன்றுக்கும் கொடுங்கள்.

அளவு

முதல் மேசைக்கு வெளி அளவு 60 செமீ சதுரம், குண்டு ஓடும் பரப்பு 40 செமீ சதுரம் போதும். வட்ட மேசை பார்க்க அழகுதான். ஆனால் அதற்குச் சுழலும் கை வேண்டும், சுழலும் இடத்தில் ஒயரைக் கொண்டுபோக ஸ்லிப் ரிங் வேண்டும், நடுப்புள்ளியை நெருங்கும்போது வேகக் கணக்கும் மாறும். சதுரத்தில் தொடங்குங்கள், வட்ட வடிவங்களை அதிலும் போடலாம். பெட்டியை 12 மிமீ பிளைவுட்டில் செய்யுங்கள்.

சட்டமும் பெல்ட்டும்

20 மிமீ சதுர அலுமினிய ப்ரொஃபைலும் அதன் பள்ளத்தில் ஓடும் பிளாஸ்டிக் சக்கரங்களும் புதியவர்களுக்கு ஏற்றவை. வழவழப்பான கம்பியில் இரும்பு பேரிங் ஓடினால் கடகடவென்று சத்தம் வரும். இரு பக்கமும் இரண்டு ப்ரொஃபைல், அவற்றின் மேல் முன்னும் பின்னும் ஓடும் குறுக்குச் சட்டம், குறுக்குச் சட்டத்தில் இடமும் வலமும் ஓடும் சிறு வண்டி. காந்தம் அந்த வண்டியில் உட்காரும். சட்டத்தை முடுக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சதுரம் சாய்சதுரமாகத்தான் வரும்.

பெல்ட் மாட்டுவதற்கு ‘கோர்எக்ஸ்ஒய்’ முறையைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டு மோட்டாரும் இரு மூலைகளில் அசையாமல் நிற்கும். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் வண்டி ஒரு திசையில் போகும்; எதிரெதிராகச் சுற்றினால் அதற்குக் குறுக்கே போகும். நகரும் பகுதி இலேசாக இருக்கும், மோட்டார் ஒயர் இழுபடாது. இரண்டு பெல்ட்டுக்கும் இழுவிசை ஒன்றாக இருக்க வேண்டும். விரலால் சுண்டிப் பாருங்கள், இரண்டும் ஒரே சுருதியில் ஒலித்தால் சரி.

மரப்பெட்டி வீணைக் குடம் மாதிரி ஒலியைப் பெருக்கிவிடும். மோட்டாருக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் டேம்பர் கொடுக்காமல் விடாதீர்கள்.

மோட்டாரும் மின்னணுவும்

நீமா 17 மோட்டார் இரண்டு, டிஎம்சி2209 டிரைவர் இரண்டு, ஈஎஸ்பி32 பலகை ஒன்று, 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். ஏ4988 டிரைவர் விலை குறைவு. ஆனால் அது மோட்டாரைக் கீச்சிட வைக்கும். வரவேற்பறையில் மணிக்கணக்கில் ஓடப்போகும் பொருளுக்கு அது ஆகாது. 230 வோல்ட் முனைகள் வெளியே தெரியும் எஸ்எம்பிஎஸ் வேண்டாம், மூடிய அடாப்டரே நல்லது.

கணக்கு எளிது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி; டிரைவர் ஒவ்வொரு படியையும் 16ஆகப் பிரித்தால் 3,200. ஜிடி2 பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மிமீ. 20 பல் புல்லி ஒரு சுற்றில் 40 மிமீ இழுக்கும். 3,200ஐ 40ஆல் வகுத்தால் 80. ஒரு மில்லிமீட்டருக்கு 80 படி என்ற இந்த எண்ணைத்தான் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். வண்டி பாதி தூரமே போனாலோ இரு மடங்கு போனாலோ டிரைவரின் பிரிப்பு அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஃப்ளூயிட்என்சி என்ற இலவச மென்பொருளை ஈஎஸ்பி32இல் ஏற்றுங்கள். கோர்எக்ஸ்ஒய் கணக்கு அதிலேயே உண்டு. மெமரி கார்டில் வரைபடக் கோப்புகளை வைத்துவிட்டு, வைஃபை வழியாக போனிலிருந்தே ஓட விடலாம். தொடக்கப்புள்ளியைக் கண்டுபிடிக்க இரண்டு லிமிட் ஸ்விட்ச் வேண்டும். கரண்டைக் குறைவாகவே வையுங்கள். மணல் கிளறும் வேலைக்குப் பெரிய விசை தேவையில்லை, மோட்டாரும் சூடாகாது. மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றக் கூடாது, டிரைவர் எரிந்துபோகும்.

காந்தம், குண்டு, பலகை

12 மிமீ பேரிங் குண்டு வாங்குங்கள். கடைக்கே ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள்: 304 ரக ஸ்டெயின்லெஸ் குண்டுகள் பளபளக்கும், காந்தத்தில் ஒட்டாது. காந்தம் நியோடிமியமாக, 15 மிமீ விட்டத்தில் இருக்கட்டும். குண்டைவிட மிக அகலமான காந்தம் வாங்கினால் குண்டு அதன் நடுவில் நிற்காமல் விளிம்புக்கு ஓடிவிடும், கோடு இடம் மாறும். இந்தக் காந்தங்களைக் குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலையே துளைத்துவிடும்.

அடிப்பலகைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தடிமன் கூடினால் காந்தத்தின் பிடி தளரும். குறைந்தால் நடுவில் தொய்யும். கீழே வண்டி ஓடுவதால் நடுவில் முட்டுக் கொடுக்கவும் முடியாது. ஓரங்களையும் சேர்த்து 45 செமீ சதுரத்தில் 6 மிமீ உயரத்துக்கு மணல் போட்டால் ஏறக்குறைய 2 கிலோ வரும். 6 மிமீ பிளைவுட் அதைத் தாங்கும். இரு பக்கமும் வார்னிஷ் அடித்து ஈரம் ஏறாமல் காக்க வேண்டும். மேலே மெல்லிய ரெக்ஸின் ஒட்டினால் குண்டு உருளும் சத்தம் அடங்கும். மணல் போட்ட பிறகு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே பிடித்து அடிப்பக்கத் தொய்வைப் பாருங்கள். அந்த இடத்திலும் காந்தம் உரசாதபடி 1 முதல் 2 மிமீ இடைவெளி விடுங்கள்.

ஒட்டி முடிக்கும் முன் காந்தத்தைக் கையால் அடியில் இழுத்துப் பாருங்கள். மணலுக்குள் குண்டு பின்தங்கி நின்றால் காந்தத்தின் கீழ் இன்னொன்றை அடுக்குங்கள்.

மணல்

கட்டட வேலைக்கு வந்த மணலை அள்ளிப் போட்டால் எல்லாம் வீணாகும். அதில் சேறு, தூசி, சீரற்ற பருமன். கடற்கரை மணலில் உப்பு ஈரத்தை இழுக்கும். அதோடு நம் தென்கடற்கரை மணலில் கருமணலும் கலந்திருக்கும். மணவாளக்குறிச்சியில் இல்மனைட் எடுப்பதே அந்தக் கருமணலிலிருந்துதான். அதோடு சேர்ந்து கிடக்கும் மேக்னடைட் துகள்கள் காந்தத்துக்கு ஓடிவரும். காந்தத்தின் மேல் நிற்கும் குண்டும் காந்தமாகிவிடுவதால், கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றிக் கறுப்பாக மீசை முளைக்கும், கோடு பிசிறும்.

சோதிப்பது சுலபம். காந்தத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு மணலுக்குள் நாலு முறை இழுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் உறையில் கறுப்புத் துகள் ஒட்டியிருக்கும். உறையைத் திருப்பிக் கொட்டிவிட்டு, ஒட்டுவது நிற்கும்வரை இதையே செய்யுங்கள். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசி, வெயிலில் காயவைத்து, நைலான் துணியில் சலித்துக் கொள்ளுங்கள். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு.

சமையல் சோடாவும் போடலாம். வெள்ளை வெளேரென்று இருக்கும், கோட்டின் விளிம்பு கத்தி போல நிற்கும். கடலோர ஊர்களில் மட்டும் ஈரக்காற்று பட்டுக் கட்டிதட்டும். நான் மணலின் பக்கம்தான்.

விளக்கை மேலிருந்து அடிக்காதீர்கள். பெட்டியின் உள்விளிம்பில், மணல் மட்டத்துக்குச் சற்று மேலே எல்இடி பட்டையை ஒட்டுங்கள். ஒளி சாய்வாக விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு தெரியும்.

முதல் ஓட்டம்

முதலில் மணல் இல்லாமல், குண்டும் இல்லாமல் ஒரு சதுரம் ஓட்டுங்கள். அளந்து சரிபார்த்த பிறகு மணல். முதல் வரைபடம் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் சுருளாக இருக்கட்டும். சுற்றுக்குச் சுற்று 5 மிமீ இடைவெளி வைத்தால் 20 செமீ ஆரத்துக்கு 40 சுற்று, மொத்தம் 25 மீட்டர் நீளம். விநாடிக்கு 25 மிமீ வேகத்தில் சுமார் 17 நிமிடம் ஆகும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் பழைய படத்தை அழிக்கும் துடைப்பானும் இதே சுருள்தான். வேறு வடிவங்களுக்கு சாண்டிஃபை என்ற இலவச இணையச் செயலி இருக்கிறது. மணல் மேசைக்கென்றே எழுதியது, கட்டுப்பாட்டு மென்பொருள் படிக்கும் ஜி-கோடு கோப்பாகவே தரும்.

கோலம் போட வைப்பது

தூக்கவே முடியாத குண்டுக்குச் சிக்குக் கோலத்தைவிடப் பொருத்தமான வேலை எது? சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974லேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டவர்கள். அந்த வழியில் நீங்களும் கொஞ்ச தூரம் போகலாம்.

வரிசை வரிசையாகச் செவ்வகத்தில் வைத்த புள்ளிகளை எங்கும் முறியாமல் பின்னிச் செல்லும் கோலத்தில், எத்தனை தனிச் சுற்றுகள் இருக்கும் என்பதை இரு பக்க எண்களின் மீப்பெரு பொது வகுத்தி சொல்லிவிடும். 3க்கு 4 வைத்தால் ஒரே சுற்று. 5க்கு 7 வைத்தாலும் ஒரே சுற்று. 50 மிமீ இடைவெளியில் உங்கள் 40 செமீ பரப்புக்குள் அழகாக அடங்கும். 4க்கு 6 என்றால் இரண்டு சுற்று, 4க்கு 4 என்றால் நான்கு. புள்ளிகளை வைக்கக் குண்டால் முடியாது, அவற்றை விட்டுவிடலாம்.

நான்கு சுற்றுக் கோலத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெட்டுமிடத்திலும் நான்கு கோட்டு முனைகள் சந்திக்கின்றன, அதாவது இரட்டைப்படை. எல்லாச் சந்திப்பும் இரட்டைப்படையாக இருந்து படம் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், ஒரே இழுப்பில் போட்டு முடிக்கலாம். ஆய்லர் 1736இல் கோனிக்ஸ்பர்க் பாலங்களை வைத்துக் கண்ட விதி இது. ஆகவே நிரலில், தகுந்த வெட்டுமிடங்களில் நேராகப் போகாமல் அடுத்த சுற்றுக்குத் திரும்பச் சொல்லுங்கள். திரும்பிய இடங்களில் மூலை சற்று மழுங்கும். அது உறுத்தினால் திரும்பும் இடங்களைக் கோலத்தின் ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள்.