குப்பையைப் பிரிப்போம், செலவைப் பகிர்வோம்

ஊரில் இருந்த காலத்தில் குப்பை எமக்கு ஒரு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. முற்றம் கூட்டிய சருகு வாழையடிக்குப் போனது. அடுப்புச் சாம்பல் கத்தரிக்கன்றுக்குப் போனது. கழுநீரும் மிஞ்சிய சோறும் மாட்டுக்கு. பொச்சும் சிரட்டையும் அடுப்புக்கு. வேலிப் பூவரசில் வெட்டிய குழையையும் வீடு வேய்ந்து கழித்த பனையோலையையும் தோட்டத்தில் தாழ்த்தினோம். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வெற்று ஜாம் போத்தல்கூட வீட்டுக்கு விளக்காகியது.

இடம்பெயர்ந்த பின் நிலைமை மாறியது. தறப்பாள் கொட்டிலைச் சுற்றி மரமில்லை, மாடில்லை, தோட்டமில்லை. நிவாரணப் பொருட்கள் பையிலும் பேணியிலும் வந்தன. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்தனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படும்வரை, ஒரு வீட்டின் கழிவு அடுத்த வீட்டின் வாசலிலேயே கிடந்த நிலையைப் பலர் அனுபவித்தோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுள் சில இன்றும் தமது காணிக்குத் திரும்பவில்லை. பிறர் காணியில் இருப்பவர்களுக்குக் குப்பை ஒரு மானப்பிரச்சினையும் ஆகும். "வந்தவர்கள்தான் ஊரை ஊத்தையாக்குகிறார்கள்" என்ற சொல் எழுந்தால், பொதுக்கிணற்றடியில் தொடங்கும் சண்டை பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை போகும்.

இப்பாடத்தின் நோக்கம் இரண்டு. ஒன்று, வீட்டுக்குப்பையைப் பிரித்துப் பயன்படுத்தும் முறையை அறிதல். மற்றது, அதற்கான செலவை ஒரு கிராமம் எவ்வாறு ஈடுசெய்யலாம் என்பதை அறிதல். "குப்பை காசாகும்" என்று பலர் சொல்வார்கள். அது அரைவாசி உண்மை மட்டுமே. ஒரு பங்கு எருவாகி நிலத்தில் பலன் தரும். ஒரு பங்கு சிறு வருமானம் தரும். மிகுதியை அகற்றக் காசு செலவாகும். அந்தச் செலவை முன்கூட்டியே எண்ணிப் பகிர்ந்துகொள்ளாத இடங்களில் வேலை நீடிப்பதில்லை.

1. அழுகும் பொருட்கள்: கூட்டெரு

எமது வீட்டுக் கழிவில் அரைவாசிக்கு மேல் அழுகும் பொருட்களே. மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, சருகு, புல், சாணம் என்பன இதில் அடங்கும். இவற்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் வெளியே சுமக்க வேண்டிய சுமை உடனே பாதியாகிவிடும்.

நிழலான, மழைவெள்ளம் நில்லாத மேட்டைத் தெரிவுசெய்க. கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தூரம் இருக்கட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது மிக முக்கியம். சுண்ணக்கல்லில் உள்ள வெடிப்புகளினூடாக மேலிருக்கும் அழுக்கு நிலத்தடி நீரை விரைவாகச் சென்றடையும். ஆகவே கிடங்கு வெட்டாமல், நிலத்தின் மேல் குவியலாக அமைப்பதே நல்லது.

(அ) அடியில் தடிகளையும் பொச்சுமட்டைகளையும் பரப்புக. காற்று உட்செல்ல இது உதவும்.

(ஆ) அதன்மேல் அரை அடி உயரத்துக்குச் சருகு அல்லது வைக்கோல்.

(இ) அதன்மேல் மூன்று அங்குலத்துக்கு அடுப்படிக் கழிவும் பச்சைக் குழையும். சீமைக்கிளுவை, பூவரசு, இப்பிலிப்பில் ஆகியவற்றின் குழை நல்லது.

(ஈ) சாணத்தைக் கரைத்துத் தெளித்து, ஒரு பிடி மேல்மண்ணைத் தூவுக.

இவ்வாறு அடுக்கடுக்காக நான்கு அடி உயரம்வரை கட்டுக. அகலமும் நான்கு அடி இருக்க வேண்டும். இதைவிடச் சிறிய குவியலில் சூடு தங்காது. தனி வீட்டில் இவ்வளவு சேராவிட்டால் மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து கட்டலாம். மேலே கிடுகு அல்லது கிழிந்த தறப்பாளால் மூடுக.

நான்காம் நாள் ஒரு தடியை உள்ளே குத்தி, சிறிது நேரத்தின் பின் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேலை நடக்கிறது. குளிராக இருந்தால் ஈரமோ, சாணமோ, பச்சைக் குழையோ போதவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழியும்போது ஓரிரு துளி நீர் மட்டும் கசிய வேண்டும். நீர் ஓடினால் சருகு சேர்க்க வேண்டும். மூன்றாம் கிழமையும் ஆறாம் கிழமையும் குவியலைப் பிரட்டி, வெளிப்புறத்தில் இருந்ததை உள்ளே போடுக. ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது கறுத்து, பொலபொலத்து, மழை பெய்த மண்ணின் மணம் தரும். ஆனி, ஆடி மாதங்களில் கட்டும் குவியல் காலபோகத்துக்கு உதவும்.

மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் குவியலில் போட வேண்டாம்; நாய் கிளறும், இலையான் மொய்க்கும். அவற்றை வாழை அல்லது தென்னைக்கு அருகில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கலாம். பூத்த பாத்தீனியத்தையும் சேர்க்க வேண்டாம். அதன் விதை எருவுடன் தோட்டம் முழுவதும் பரவும்.

"நாளைக்கு எங்கை இருப்பமோ தெரியாது, இஞ்சை எருக் கட்டி என்ன பயன்?" என்று கூட்டமொன்றில் ஓர் இளம் தாய் கேட்டார். பக்கத்தில் இருந்த முதிய கமக்காரர் சொன்ன பதில் இது: "மூண்டு மாதம் இருப்பம்தானே, பிள்ளை. எரு பழுத்தால் உரப்பையிலை கட்டிக்கொண்டு போகலாம். கிணத்தையும் மரத்தையுந்தான் கொண்டுபோக ஏலாது." பல வருடம் தரிசாகக் கிடந்த சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்துக்குப் பத்துப் பை எரு நல்ல தொடக்கமாகும்.

ஆயினும் கூட்டெருவால் எல்லாம் ஆகிவிடும் என்றும் எண்ணக்கூடாது. யூரியாவில் நைதரசன் 46 வீதம். கூட்டெருவில் பொதுவாக 1 முதல் 2 வீதம் வரையே. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் விழுந்ததைக் கமக்காரர் மறக்கமாட்டார்கள். மண்ணை இளக்கி, ஈரத்தைப் பிடித்து, இட்ட பசளை வீணாகாமல் காப்பதே கூட்டெருவின் சிறப்பு. அது ஆண்டுக்கு ஆண்டு சேரும் பலன்.

2. காய்ந்த பொருட்கள்: விற்கக்கூடியவை

போத்தல், பிளாஸ்ரிக், மட்டை, கடதாசி, தகரம், அலுமினியம் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து, வகைக்கு ஒரு உரப்பையாகச் சேர்க்கலாம். சோறும் எண்ணெயும் ஒட்டிய பொருளை வியாபாரி வாங்கமாட்டார். வாங்கினாலும் விலையைக் குறைப்பார். ஒரு வீட்டின் ஒரு பைக்காக லொறி வராது. நாற்பது வீட்டுப் பைகள் ஒரே கொட்டகையில் இருந்தால் வரும். விற்குமுன் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, எமது தராசிலேயே நிறுத்துக் கொடுப்பது நல்லது.

பேணியும் சிரட்டையும் போத்தலும் மழையில் திறந்து கிடக்கக்கூடாது. டெங்கு நுளம்பு தெளிந்த நீரிலேயே முட்டையிடும். ஒரு கிழமை முதல் பத்து நாட்களுக்குள் புதிய நுளம்பு பறந்துவிடும். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளாகினர். கவிழ்த்து வைப்பதற்குக் காசு தேவையில்லை.

பழைய இரும்பு விடயத்தில் மிகக் கவனம் வேண்டும். போர் நடந்த காணிகளில் இரும்பு பொறுக்கச் சிறுவரை அனுப்பவே கூடாது. அறிமுகமில்லாத உலோகப் பொருள் கண்ணிற் பட்டால் தொடாமல், நகர்த்தாமல், இடத்தை நினைவில் வைத்து, வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். புதிதாகத் துப்புரவாக்கும் வளவில் குப்பைக்குத் தீ வைப்பதும் ஆபத்து. மண்ணுள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடித்து உயிரிழந்தோரும் காயமடைந்தோரும் உண்டு.

3. மிகுதி: எரிக்கவும் கூடாது, எறியவும் கூடாது

பொலித்தீன் எரியும் புகை நெஞ்சுக்கு நஞ்சு. அடுப்புப் பற்றவைக்கவும் அதைப் பாவிக்க வேண்டாம். 2017 செப்டெம்பர் முதல் பிளாஸ்ரிக் உட்பட்ட குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. பற்றரி, மின்குமிழ், உடைந்த கண்ணாடி என்பவற்றை மூடியுள்ள வாளியில் தனியாக வைக்கவும். பூச்சிகொல்லிப் போத்தலை மூன்று தடவை கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலில் துளையிட்டுவிடுங்கள். கிணற்றடியில் கழுவ வேண்டாம். அதில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ ஊற்றிவைப்பது உயிராபத்து.

இந்த மிகுதியைப் பற்றைக்குள்ளோ குளக்கரையிலோ கொட்டினால், அது ஒருவருடைய வளவுக்குத்தான் திரும்பிவரும். 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பது பேர்வரை இறந்தனர். நகரத்தார் எறிந்த குப்பை, அதன் அருகே குடியிருந்த ஏழைகளின் வீடுகள் மீதே விழுந்தது.

4. செலவும் நிதியும்

இனிக் கணக்கைப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் பயிற்சிக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

நாற்பது குடும்பங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மிகுதிக் குப்பையை மாதம் ஒருமுறை ஏற்றிச்செல்ல உழவு இயந்திரக் கூலி 3,500 ரூபா. கையுறை, சவர்க்காரம், பை முதலியவற்றுக்கு 500 ரூபா. கொட்டகையைப் பார்ப்பவருக்கு 1,000 ரூபா. மொத்தச் செலவு 5,000 ரூபா. காய்ந்த பொருளை விற்று வருவது 2,000 ரூபா. அப்படியானால் மாதம் 3,000 ரூபா குறைகிறது. ஆனால் வீட்டுக்கு 100 ரூபா வீதம் சந்தா சேர்த்தால் 4,000 ரூபா வரும். செலவு போக 1,000 ரூபா மிஞ்சும். இந்த மீதியே மழைக்காலத்துக்கும் வியாபாரி வராத மாதத்துக்கும் கைகொடுக்கும்.

"சந்தா கட்ட எங்களிடம் ஏது காசு?" என்று கேட்பது நியாயமே. எனினும் மரணச் சகாய சங்கத்துக்குச் சந்தா கட்டும் பழக்கமும், உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துச் சேர்க்கும் பழக்கமும் எம்மிடம் உண்டு. காசில்லாத வீடு மாதம் ஒரு அரைநாள் கொட்டகையில் வேலை செய்யலாம், அல்லது ஒரு பை எரு கொடுக்கலாம். அதையும் சந்தாவாகவே பதிய வேண்டும், தர்மமாக அல்ல. ஊரவருக்கும் வந்தவருக்கும் ஒரே சந்தா, நிர்வாகத்தில் சமமான இடம் என்று முதல் நாளிலேயே முடிவு செய்தால் மனக்கசப்பு வளராது.

வெளியிலிருந்து நன்கொடை கிடைத்தால் அதைக் கொட்டகை, தள்ளுவண்டி, தராசு, மண்வெட்டி போன்ற ஒருமுறைச் செலவுக்கே பயன்படுத்துக. மாதாந்தக் கூலியை நன்கொடையிலிருந்து கொடுத்துப் பழகினால், செயற்றிட்டம் முடியும் மாதமே குப்பை மீண்டும் வீதிக்கு வரும். அவ்வாறு நின்றுபோன வேலைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

பணத்தை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமோ பொறுப்பேற்கலாம். புதிய சங்கம் தொடங்கத் தேவையில்லை. இருவர் ஒப்பமிட்டே பணம் எடுக்க வேண்டும். மாத முடிவில் வரவும் செலவும் சனசமூக நிலையப் பலகையில் வெண்கட்டியால் எழுதப்பட வேண்டும். கணக்குத் தெரியாத இடத்தில் இரண்டாம் மாதமே சந்தா நின்றுவிடும்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்படி கழிவகற்றல் பிரதேச சபையின் கடமையாகும். சோலைவரி அறவிடப்படாத கிராமங்கள் பலவற்றுக்குச் சபையின் உழவு இயந்திரம் வருவதில்லை. நாம் அழுகும் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு, காய்ந்ததை விற்று, மிகுதியை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், "மாதம் ஒருமுறை வந்து ஏற்றுங்கள்" என்று சபையிடம் எழுத்தில் கேட்கலாம். சிறிய வேலையைக் கேட்கும்போது மறுப்பது கடினம். சபை ஏற்றிச்சென்றால் எமது பெரிய செலவு குறையும். கேட்பது எமது உரிமை. முகாமில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. ஒரு கிழமைக்கு உங்கள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரித்து வையுங்கள். எது அதிகம்? எதை வாங்காமலே தவிர்த்திருக்கலாம்?

2. உங்கள் பொதுக்கிணற்றிலிருந்து 50 அடிக்குள் என்ன கொட்டப்படுகிறது? அதை யார் மாற்றலாம்?

3. உங்கள் ஊர் விலைப்படி ஒரு மாதச் செலவு எவ்வளவு? வீட்டுக்கு எவ்வளவு சந்தா போதும்?

4. காசு கொடுக்க முடியாத வீடுகள் எவை? அவர்கள் வெட்கப்படாமல் தமது பங்கை எவ்வாறு செலுத்தலாம்?

5. நாளையே சொந்தக் காணிக்குத் திரும்ப முடிந்தால், இங்கு செய்தவற்றுள் எதைக் கொண்டுபோவீர்கள்? இருப்பவர்களிடம் எதை ஒப்படைத்துச் செல்வீர்கள்?